கட்டலொக் நம்பரா, ஆர்.ஆர்.ஐ.டி.யா, சான்றுமாதிரி எண்ணா? ஆய்வுப் பொருட்களைக் குறிப்பிடும் வழிகள் பற்றி ஓர் ஒப்பீடு

வந்தாறுமூலையில், சம்மாந்துறையில், மட்டக்களப்பு நகரில் என்று உயிரியலும் மருத்துவமும் படிக்கிற பிள்ளைகள் ஆய்வேட்டைக் கட்டுரையாக்கும் நேரத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சேர், கொம்பனிப் பேரைப் போட்டாக் காணுமா? ஜேர்னல்காரர் ஆர்.ஆர்.ஐ.டி. கேக்கிறாங்க. கட்டலொக் நம்பர் குடுத்தாப் பிறகு அது எதுக்கு?" (ஆர்.ஆர்.ஐ.டி. என்பது ஆய்வுப் பொருளுக்குரிய ஓர் அடையாள எண், வழி 3 இல் வருகிறது.) மேற்பார்வையாளர்களும் இதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒருவர் கொம்பனியும் நாடும் போதும் என்பார். இன்னொருவர் பெரிய அட்டவணையே போடச் சொல்வார்.

'பொருட்களும் முறைகளும்' பகுதியை எல்லோரும் கடைசி இரவில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பகுதியில்தான் தீர்மானமாகிறது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, உயிர்மருத்துவத் துறையின் 238 கட்டுரைகளை எடுத்து, அவற்றில் சொல்லப்பட்ட பிறபொருளெதிரி (அன்டிபொடி), கலவரிசை (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் கலங்கள்), ஆய்வு விலங்கு போன்றவற்றில் எத்தனையை ஐயமில்லாமல் இனங்காண முடிகிறது என்று பார்த்தது. 54 சதவீதத்தை இனங்காண முடியவில்லை. பெரிய ஜேர்னல், சின்ன ஜேர்னல் என்ற வேறுபாடும் இருக்கவில்லை. விதிகள் கடுமையாக இருந்த ஜேர்னல்களிலும் நிலைமை அதுதான்.

கல்லடியில் இறங்கி "ஆசிரியர் வீடு எது?" என்று கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. சொன்னது பொய்யில்லை, ஆனால் போய்ச் சேர முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளைப் பார்க்க முதல் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

ஒன்று, வாசிக்கிறவர் அதே பொருளை, அதைப் போன்ற இன்னொன்றை அல்ல, கையில் எடுக்க முடியுமா? இரண்டு, கொம்பனி கைமாறினாலும் நீங்கள் வளாகத்தை விட்டுப் போனாலும் அந்தக் குறிப்பு பத்து வருடம் கழித்துப் பொருள் தருமா? மூன்று, கணினியால் தேடி எடுக்க முடியுமா? நான்கு, அதற்கு எவ்வளவு நேரமும் காசும் போகும்? ஐந்து, நாங்கள் இங்கே உண்மையில் கையாளுகிற பொருட்களுக்கு அது பொருந்துமா?

ஐந்தாவதை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். வெளிநாட்டு வழிகாட்டிகள் விலைக்கு வாங்கிய பிறபொருளெதிரியையும் எலியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிழக்கில் நடக்கிற ஆய்வுகளில் பல மூலிகை, நோயாளியிடம் எடுத்த பக்டீரியா, வளவில் பிடித்த நுளம்பு என்று கடையில் வாங்க முடியாத பொருட்களிலேயே நிற்கின்றன.

## வழி 1: கொம்பனிப் பெயரும் நாடும்

"சிக்மா, அமெரிக்கா" என்று அடைப்புக்குறிக்குள் போடுவது. நேரமும் போகாது, காசும் போகாது. சோடியம் குளோரைட், எத்தனால் போன்ற சாதாரண இரசாயனங்களுக்குத் தூய்மைத் தரத்தையும் சேர்த்துவிட்டால் இதுவே போதும். அதற்கு மேல் கேட்பது வீண் வேலை.

பிறபொருளெதிரி என்று வந்தால் இந்த வழி உடைந்துபோகும். பீட்டா அக்டினுக்கு எதிராக அந்த ஒரே கொம்பனி ஏசி-15, ஏசி-74 என்று வேறு வேறு குளோன்களை விற்கிறது. நிறச்சாயம் ஒட்டியது, நொதியம் ஒட்டியது என்று அவற்றிலும் பல வகை. "பீட்டா அக்டின் பிறபொருளெதிரி (சிக்மா, அமெரிக்கா)" என்ற வரி இவற்றில் எதையும் குறிக்கலாம்.

கொம்பனிப் பெயரும் நிலைப்பதில்லை. சிக்மா-அல்ட்ரிச் 2015 இல் ஜேர்மனியின் மேர்க்கிடம் போனது. இன்விட்ரோஜனை வைத்திருந்த லைஃப் டெக்னோலஜிஸ் 2014 இல் தேர்மோ ஃபிஷருக்குள் போனது. ஜி.ஈ. ஹெல்த்கெயாரின் உயிரியல் பிரிவு 2020 இல் சைட்டீவா ஆனது. பழைய கட்டுரையில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் முதலில் இந்த வம்சாவளியைப் படிக்க வேண்டும்.

## வழி 2: கட்டலொக் நம்பரும் லொட் நம்பரும்

கட்டலொக் நம்பர் எந்தப் பொருள் என்று சொல்லும். லொட் நம்பர் அந்தப் பொருளின் எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும். இரண்டும் போத்தலின் லேபலிலேயே இருக்கின்றன. குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

எங்கள் ஆய்வுகூடங்களில் பெரும்பாலான வேலைக்கு இதுதான் அடித்தளம் என்பது என் முடிவு. லொட் நம்பரை அலட்சியம் செய்யக் கூடாது. முயலிலிருந்தோ ஆட்டிலிருந்தோ எடுக்கும் பல்குளோன் பிறபொருளெதிரி, அடுத்த விலங்குக்கு மாறும்போது தானும் மாறும். கலவளர்ப்புக்குப் போடும் கன்றுக்குட்டிச் சீரம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அதிகம் நடக்கிற அன்டிபயோடிக் உணர்திறன் சோதனையை எடுங்கள். பக்டீரியாவை வளர்க்கும் ஊடகமான முல்லர் ஹின்டன் அகாரில் கல்சியமும் மக்னீசியமும் கூடக்குறைய இருந்தால், சூடோமோனாஸ் என்ற பக்டீரியாவுக்கு ஜென்டாமைசின் மருந்து வட்டைச் சுற்றி வரும் தெளிவு வளையத்தின் அளவு மாறும். தைமிடின் கூடினால் கோ-ட்ரைமொக்சசோலின் வளையம் சுருங்கும். அகாரின் தடிப்பு 4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே "முல்லர் ஹின்டன் அகார் பயன்படுத்தப்பட்டது" என்ற வரி பாதித் தகவல்தான். எந்தக் கொம்பனி, எந்தக் கட்டலொக், எந்த லொட் என்பது மீதிப் பாதி.

இங்கே மறைந்திருக்கிற செலவு ஒன்று உண்டு. இறக்குமதிப் பொருளை நாங்கள் கொழும்பு முகவர் மூலம் வாங்குகிறோம். 2022 இல் டொலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது கேட்ட பிராண்ட் கிடைக்காமல் கிடைத்ததைக் கொண்டு வேலை பார்த்தவர்கள் பலர். ஆய்வின் முதல் பாதி ஒரு பிராண்டிலும் மறு பாதி இன்னொன்றிலும் நடந்திருந்தால் இரண்டு நம்பரையும் எழுதி, எந்த மாதிரிகள் எதில் ஓடின என்றும் சொல்ல வேண்டும். அதற்கு, பெட்டியைத் திறக்கிற அன்றே குறித்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் ஈரத்தில் லேபல் மை கரைந்த பிறகு எவராலும் நம்பர் சொல்ல முடியாது. போத்தல் வந்ததும் போனில் லேபலைப் படம் எடுத்து, திகதியோடு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டலொக் நம்பரின் பெரிய பலவீனம், அது கொம்பனியின் சொத்து என்பது. உற்பத்தி நின்றால் இணையப் பக்கமும் மறைந்துபோகலாம். கொம்பனி கைமாறினால் நம்பரும் மாறலாம்.

## வழி 3: ஆர்.ஆர்.ஐ.டி.

இந்தப் பலவீனத்தை மூடத்தான் 2014 இல் ஆர்.ஆர்.ஐ.டி. தொடங்கியது. ஆய்வு வளத்துக்கான அடையாள எண் என்று வைத்துக்கொள்ளலாம். பிறபொருளெதிரி, கலவரிசை, ஆய்வு விலங்கு, பிளாஸ்மிட், மென்பொருள் ஆகியவற்றுக்குக் கொம்பனியைச் சாராத ஒரு நிலையான எண். பிறபொருளெதிரிக்கு ஏபி என்றும், கலவரிசைக்கு சிவிசிஎல் என்றும், மென்பொருளுக்கு எஸ்சிஆர் என்றும் தொடங்கும். ஹீலா கலங்களின் எண் சிவிசிஎல்_0030. இணையத்தில் தேடுபக்கத்துக்குப் போய்க் கட்டலொக் நம்பரைக் கொடுத்தால் எண் வரும். கட்டணம் இல்லை. பட்டியலில் இல்லாத பொருளைப் பதியும்படி நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும்.

கலவரிசைகளில் இது தருகிற பயன் நம்பரோடு முடிவதில்லை. ஹீலா 1951 இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து பெறப்பட்டது. 1966 இல் ஸ்டான்லி கார்ட்லர், வேறு வேறு இழையங்களிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட 18 கலவரிசைகளில் ஹீலா கலந்திருப்பதைக் காட்டினார். குரல்வளைப் புற்று என்று பயன்படுத்தப்பட்ட ஹெப்-2 உண்மையில் ஹீலா. ஈரல் கலம் என்று பயன்படுத்தப்பட்ட சாங் லிவரும் ஹீலாதான். மூலிகைச் சாறு ஈரலைக் காக்கிறதா என்று சாங் லிவரில் சோதித்தவர் கருப்பைக் கழுத்துப் புற்றுக் கலத்தில் சோதித்திருக்கிறார். ஆர்.ஆர்.ஐ.டி. தேடும்போது அந்தப் பக்கத்திலேயே "இது சிக்கலுள்ள கலவரிசை" என்ற எச்சரிக்கை தெரியும். கலத்தை வாங்க முதலே தேடினால் காசும் மாதங்களும் மிச்சம். 2019 இல் வந்த ஒரு கணிப்பின்படி, பொதுவான கட்டுரைகளில் சொல்லப்பட்ட கலவரிசைகளில் 8.6 சதவீதம் சிக்கலுள்ளவை. ஆர்.ஆர்.ஐ.டி. போட்ட கட்டுரைகளில் அது 3.3 சதவீதம்.

எலிகளிலும் இப்படித்தான். சி57பிஎல்/6 என்று மட்டும் எழுதினால் 'ஜே' வகையா 'என்' வகையா என்று தெரியாது. இரண்டும் 1951 இல் பிரிந்தவை. ஜே வகையில் என்.என்.டி. என்ற மரபணு பழுதானது. குளுக்கோசு, இன்சுலின் சார்ந்த ஆய்வில் அது முடிவையே தொடும். இலங்கையில் பலர் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து விஸ்டார் எலிகளைப் பெறுகிறார்கள். அவற்றுக்கு, பெற்ற இடம், பால், வயது, நிறை, தீவனம் என்று எழுதுவதுதான் முக்கியம். வெளிநாட்டு இருப்புக்குரிய எண் ஒன்றை எங்கேயோ பார்த்து ஒட்டிவிடக் கூடாது.

மென்பொருளுக்கு எண்ணோடு பதிப்பும் வேண்டும். புள்ளிவிபரத்துக்குப் பயன்படும் 'ஆர்' என்ற கணினி மொழியில் 3.6.0 பதிப்போடு, 2019 இல், எழுமாறாகத் தெரிவுசெய்யும் முறையே மாறியது. ஒரே விதை எண்ணை (எழுமாறு தெரிவைத் தொடக்கும் எண்) கொடுத்தாலும் அதற்கு முந்திய பதிப்பில் வரும் தெரிவு வேறு, பிந்தியதில் வரும் தெரிவு வேறு.

இனிக் குறைகள். ஆர்.ஆர்.ஐ.டி. பொருளைக் காட்டும், லொட்டைக் காட்டாது. ஆகவே வழி 2 ஐ அது நீக்காது, அதன் மேல் உட்காரும். "எண் இருக்கிறது, ஆகவே பிறபொருளெதிரி நல்லது" என்று நினைப்பதும் பிழை. எண் அடையாளம் மட்டும், தரச் சான்று அல்ல. மற்றவர் கட்டுரையிலிருந்து எண்ணைப் பிரதி பண்ணினால் அவருடைய பிழையும் உங்களோடு வரும். எப்போதும் உங்கள் போத்தலின் கட்டலொக் நம்பரிலிருந்தே தேடுங்கள்.

## வழி 4: சான்றுமாதிரியும் சேகரிப்பு எண்ணும்

எங்கள் பகுதிக்கு மிக வேண்டியது இதுதான். மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான்.

கீழ்க்காய்நெல்லியை எடுங்கள். மஞ்சட்காமாலைக்கு ஊரில் எல்லோரும் அறிந்த மூலிகை. ஆய்வேடுகளில் பிலாந்தஸ் நிரூரி என்று எழுதுவார்கள், பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. எங்கள் வளவுகளில் மழைக்குப் பிறகு முளைப்பது பிலாந்தஸ் அமாரஸ், பிலாந்தஸ் டெபிலிஸ் போன்ற இனங்கள். இலையடியில் வரிசையாகக் காய் தொங்கும் சாயல் ஒன்றுதான். இரசாயனச் சேர்மங்கள் ஒன்றல்ல. செங்கலடியில் ஒருவரும் அக்கரைப்பற்றில் ஒருவரும் "கீழ்க்காய்நெல்லி" என்று எழுதி வேறு வேறு முடிவு பெற்றால், யாருடைய ஆய்வு பிழை என்று எப்படிச் சொல்வது? இரண்டும் சரியாக இருக்கலாம், செடிதான் வேறாக இருக்கும்.

இதற்கு ஊர்ப்பெயரும் உதவாது, கொம்பனி நம்பரும் உதவாது, ஆர்.ஆர்.ஐ.டி.யும் உதவாது. பயன்படுத்திய அதே செடித் தொகுதியிலிருந்து பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, ஓர் ஹேர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) வைத்து, அதற்குரிய எண்ணைக் கட்டுரையில் எழுத வேண்டும். இந்தக் கிளைதான் சான்றுமாதிரி. பேராதனையில் தேசிய ஹேர்பேரியம் இருக்கிறது. உலகப் பட்டியல்களில் அதன் குறியீடு பிடிஏ. சேகரித்த இடம், திகதி, சேகரித்தவர், இனங்கண்டவர், எடுத்த பகுதி இலையா வேரா முழுச்செடியா என்பதெல்லாம் அதோடு போகும். விஞ்ஞானப் பெயரைக் கியூ தாவரவியற் பூங்காவின் இணையப் பட்டியலில் சரிபார்த்து, இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயரையே எழுதுங்கள். சாறு எடுத்திருந்தால் எத்தனை கிராம் உலர் இலைக்கு எவ்வளவு கரைப்பான், எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்பதும் பொருளின் அடையாளத்தில் சேரும்.

செலவு இருக்கிறது. பேராதனைக்குப் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் அனுப்ப வேண்டும். பூக்கும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஆனாலும் மாற்று வழி இல்லை. தாவர மாதிரியை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே வெளிநாட்டில் உங்கள் கட்டுரையைப் படிப்பவருக்கு நீங்கள் எந்தச் செடியைச் சொல்கிறீர்கள் என்பதற்கு அந்த உலர்ந்த கிளையும் அதன் படமும்தான் சாட்சி.

பக்டீரியாவுக்கு இரண்டு வகை. தரக்கட்டுப்பாட்டு வரிசைகளுக்குச் சேகரிப்பு எண் உண்டு. ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பகம். ஈ.கோலைக்கு ஏடிசிசி 25922, சூடோமோனாசுக்கு 27853. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸில் கவனம் தேவை. வட்டுப் பரவல் முறைக்கு 25923, திரவ ஐதாக்கல் முறைக்கு 29213. ஆய்வேடுகளில் இவை மாறி எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். வெறும் "ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் ஏடிசிசி" என்று முடிப்பவர்களும் உண்டு. எண் இல்லாத ஏடிசிசி ஒன்றையும் காட்டாது.

நோயாளியிடமிருந்து வைத்தியசாலையில் எடுத்த பக்டீரியாவுக்கு எந்தக் கட்டலொக்கும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயரில்லாத ஒரு குறியீடு கொடுத்து, கிளிசரோலில் ஆழ்குளிரில் வைத்து, மரபணு வரிசை பார்த்திருந்தால் ஜென்பாங்க் என்ற மரபணு வரிசைத் தரவுத்தளத்தில் இலவசமாகப் பதிந்து அந்த எண்ணைப் போடுங்கள். பக்டீரியாவை இனங்காணப் பார்க்கும் 16எஸ் மரபணு வரிசை மட்டும் ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்துக் காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். ஆழ்குளிர் பற்றி இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. உறைந்து உருகிய மாதிரி, பழைய மாதிரி அல்ல. அந்தத் திகதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நுளம்புக்கும் அப்படித்தான்: ஏடிஸ் எஜிப்டி என்று மட்டும் எழுதாமல், எந்தக் கிராம சேவகர் பிரிவில், எந்த மாதம் குடம்பியாக எடுத்தது, ஆய்வுகூடத்தில் எத்தனையாவது தலைமுறை என்று எழுதுங்கள். நுளம்புமருந்துக்கு எதிர்ப்பு பற்றிய ஆய்வில் தலைமுறை தெரியாவிட்டால் மற்ற இலக்கங்களுக்கு அர்த்தமே இல்லை.

## வழி 5: முழு முறையையும் பதிவேற்றி டி.ஓ.ஐ. பெறுதல்

செனோடோ போன்ற களஞ்சியத்தில் செய்முறை, பொருள் அட்டவணை, தரவு, கணினி நிரல் எல்லாவற்றையும் ஏற்றி ஒரு நிலையான இலக்கம் பெறுவது. ஐரோப்பாவின் சேர்ன் நிறுவனம் 2013 முதல் இதை நடத்துகிறது. ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை இலவசம். ஜேர்னல் தருகிற சொல் எல்லைக்குள் அடங்காத நுணுக்கத்தை இங்கே முழுதாக எழுதலாம்.

"கேட்டால் தரப்படும்" என்று முடிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். வளாக மின்னஞ்சல் நீங்கள் விலகியதும் நின்றுவிடும்.

மறைந்த செலவு, ஏற்றியதைத் திரும்ப எடுப்பது கடினம் என்பது. நோயாளிகளின் தரவு என்றால் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியில் பகிர்வதற்கும் இடம் இருக்க வேண்டும். சின்ன ஊரில் வயது, பால், கிராம சேவகர் பிரிவு மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த அனுமதியைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | அதே பொருளைக் காட்டுமா | காலம் தாங்குமா | செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| கொம்பனியும் நாடும் | இல்லை | இல்லை | இல்லை | சாதாரண இரசாயனம், தரத்தோடு சேர்த்து |
| கட்டலொக், லொட் | ஆம், தொகுதி வரை | கொம்பனி இருக்கும் வரை | பொருளுக்கு ஒரு நிமிடம் | அகார், வட்டு, சீரம், கிட், பிறபொருளெதிரி |
| ஆர்.ஆர்.ஐ.டி. | ஆம், லொட் தவிர | ஆம் | சில நிமிடம், இணையம் | பிறபொருளெதிரி, கலவரிசை, விலங்கு, பிளாஸ்மிட், மென்பொருள் |
| சான்றுமாதிரி, சேகரிப்பு எண் | ஆம் | ஆம், மாதிரி காக்கப்பட்டால் | பயணம், காத்திருப்பு | மூலிகை, பக்டீரியா, நுளம்பு |
| களஞ்சியம், டி.ஓ.ஐ. | முறையைக் காட்டும் | ஆம் | சில நாள் வேலை, அனுமதி | நீண்ட செய்முறை, தரவு, நிரல் |

## உங்கள் ஆய்வுக்கு எது

மூலிகை ஆய்வு என்றால் சான்றுமாதிரியிலிருந்து தொடங்குங்கள். அது இல்லாமல் மற்ற நான்கும் இருந்தாலும் நான் அந்தக் கட்டுரையை நம்பத் தயங்குவேன். இரசாயனங்களுக்கு வழி 1 போதும்.

வைத்தியசாலை நுண்ணுயிரியல் என்றால் கட்டலொக்கும் லொட்டும், கட்டுப்பாட்டு வரிசையின் முழு எண்ணும். இந்த ஆய்வில் ஆர்.ஆர்.ஐ.டி. தேடி நேரம் போக்குவதைவிட அகாரின் லொட்டைக் குறிப்பது பயன் தரும்.

கலவளர்ப்பு, வெஸ்டர்ன் புளொட் (பிறபொருளெதிரி கொண்டு புரதத்தைக் கண்டறியும் முறை) என்று போகிறவர்கள் ஆர்.ஆர்.ஐ.டி.யும் லொட்டும் சேர்த்து எழுத வேண்டும். இதில் ஒன்றா மற்றதா என்ற கேள்விக்கே இடமில்லை. செல் குழும ஜேர்னல்கள் 2016 முதல் பொருள், மூலம், அடையாள எண் என்று மூன்று நிரல் அட்டவணை கேட்கின்றன. நீங்கள் அனுப்பும் ஜேர்னல் கேட்காவிட்டாலும் அந்த வடிவத்தில் முதல் நாளிலிருந்தே ஓர் எக்செல் தாளில் நிரப்பி வாருங்கள். மரபணுப் பெயர்களை இடும்போது மட்டும் தாளின் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எக்செல் சில பெயர்களைத் திகதியாக்கிவிடும். அந்தத் தொல்லையால்தான் 2020 இல் மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுக்களுக்குப் பெயரே மாற்றப்பட்டது.

கணக்கெடுப்பு, வினாக்கொத்து, புள்ளிவிபரம் மட்டும் உள்ள ஆய்வுக்கு மென்பொருளின் பதிப்பும் டி.ஓ.ஐ.யும் போதும்.

இனி, வேலை எல்லாம் முடிந்து கையில் "சிக்மா" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறவர்களுக்கு. முகவரின் விலைப்பட்டியலைத் தேடுங்கள், அதில் பெரும்பாலும் கட்டலொக் நம்பர் இருக்கும். களஞ்சிய அறையின் பதிவேட்டில் பொருள் வந்த திகதி இருக்கும். ஃப்ரிட்ஜில் அதே போத்தல் வெறுமையாக இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். அப்படியும் லொட் கிடைக்காவிட்டால் "லொட் எண் பதியப்படவில்லை" என்று கட்டுரையில் எழுதுங்கள். அடுத்த பெட்டியின் எண்ணை அந்த இடத்தில் நிரப்பாதீர்கள். பதியப்படவில்லை என்ற வரியைப் படிக்கிறவர் அந்தப் பொருளில் பல தொகுதிகளை வாங்கிச் சோதிப்பார். பிழையான எண்ணைப் படிக்கிறவர் அந்த ஒன்றை மட்டும் வாங்கி, முடிவு வராமல் உங்கள் ஆய்வையே பிழை என்பார்.